நெல்லையிலிருந்து நூல் வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாறு, கோயில் தலபுராணம், சிறுகதைத் தொகுப்பு என்று நெல்லைச் சீமையில் சொந்தமாக நூல் போடுகிறவர்கள் இன்று ஆயிரம் பிரதி அடித்து மச்சில் அடுக்கத் தேவையில்லை. தேவைக்கேற்ற அச்சு முறையில் முப்பது, ஐம்பது பிரதிகள் போதும். விற்க விற்க அடித்துக்கொள்ளலாம். ஆனால் இம்முறையில் ஒரு பிரதியின் அடக்கவிலை மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சைவிடக் கூடுதல். கடைக்காரருக்குக் கழிவு போக என்ன மிஞ்சும் என்று பார்க்காமல் விலை வைத்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு எழுத்துருவில் நடக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் டி.டி.பி. (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்தல்) செய்வோரில் சிலர் இன்னும் பழைய எழுத்துருக்களையே பயன்படுத்துகிறார்கள். அச்சில் குறை தெரியாது. அதே கோப்பை மின்னூலாக்கும்போதுதான் வினை. பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் பதிவாகும். யூனிகோடில் ‘க’ முதலில், உயிர்க்குறி பின்னால். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டெடுத்ததைச் சரிபார்க்காமல் விட்டால் கொக்கிரகுளம் ‘ெகாக்கிரகுளம்’ ஆகிவிடும். ‘ஔவை’ என்பதை ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டினாலும் இதே கதிதான்: கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ இப்படி ஒரு பிழை நேர்ந்தால், பெயர் தெரிந்து தேடுகிற வாசகருக்கே நூல் அகப்படாது. இத்தனை உழைத்து எழுதியவருக்கு இது பெரிய அநியாயம். தட்டச்சு தொடங்கும் முன்பே யூனிகோடு வேண்டும் என்று சொல்லுங்கள். கூலி கொடுத்துவிட்டு பி.டி.எஃப். மட்டும் வாங்கி வராமல், திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

தெரிந்த பதிப்பாளர்தானே என்று உரிமையை வாய்ச்சொல்லில் விடுவதும் கூடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் கொள்ளும். ‘அனைத்து உரிமைகளும்’ என்ற ஒற்றை வரியில் மின்னூலும் ஒலிநூலும் சேர்ந்து கைவிட்டுப் போகலாம். அச்சு, மின்னூல், ஒலிநூல் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கு இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலின் எண்ணையே மின்னூலுக்கும் போட்டுவிடாதீர்கள். அதற்குத் தனி எண் வேண்டும்.

பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா தொடங்கும் வாரத்தில் அச்சுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. மாதிரிப் பிரதி ஒன்றை வரவழைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்துத் திருத்த அவகாசம் வேண்டும். ஒரு மாதமாவது முன்னதாகக் கொடுங்கள்.