ஆய்வுக் கட்டுரைக்கு டாலர் கட்டாம படிக்க வழி – பர்மா தமிழ்ப் பிள்ளைங்களுக்கு

பர்மாவுல செட்டியாருங்க நடத்துன வட்டிக்கடை, டெல்டா நெல்லு வயலு, 1942ல நடந்தே இந்தியாவுக்குப் போன நம்ம சனங்க, இதப் பத்தியெல்லாம் ஆய்வுக் கட்டுரை நெறைய இருக்கு, ஆனா பலது லண்டன், அமெரிக்கா ஜர்னல்ல, அதாவது ஆய்வு இதழ்ல, பூட்டிக் கெடக்கு, தொறக்கப்போனா 30, 40 டாலர் கட்டுங்குது. ரங்கூன்லயோ மோல்மீன்லயோ படிக்கிற பிள்ளை அதுக்கு எங்க போகும்? நம்ம தாத்தா கதையப் படிக்க நாமளே வெளிய நிக்கிறத என்னால தாங்க முடியல. அதனால கார்டை எடுக்காதீங்க, மொதல்ல இதச் செய்ங்க.

கட்டுரைத் தலைப்ப அப்பிடியே கூகுள் ஸ்காலர்ல போடுங்க, ஆய்வுக் கட்டுரை மட்டும் தேடுற கூகுள் அது. வலது பக்கம் பிடிஎஃப் இருந்தா முடிஞ்சுது. இல்லேன்னா கீழ எல்லாப் பதிப்பும் காட்டுற லிங்க அமுக்குங்க, எழுதுனவரு வேலை பாக்குற யுனிவர்சிட்டி சைட்டுல பல நேரம் ஓசியாவே கெடக்கும். கம்ப்யூட்டர் இருந்தா பிரவுசர்ல அன்பேவால்ங்கிற எக்ஸ்டென்ஷன போட்டுக்கோங்க, ஓசியா எங்க கெடக்குன்னு அதுவே தேடிக் குடுத்துரும்.

அதுலயும் கெடைக்கலையா, எழுதுனவருக்கே மெயில் போடுங்க. கூச்சப்படவே வேணாம், நீங்க கட்டுற டாலர்ல அவருக்கு ஒரு பைசா போறதில்ல, படிக்க ஆளு கேக்குதுன்னா பெரும்பாலும் சந்தோஷமாத்தான் அனுப்புவாங்க. பேரு, ஊரு, என்ன படிக்கிறீங்க, கட்டுரைத் தலைப்பு, எதுக்கு வேணும், இவ்வளவுதான், நாலு வரி போதும். பதில் வரலேன்னா ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ கேளுங்க.

காலேஜ்லயோ ஆஸ்பத்திரியிலயோ இருக்கிறவங்க லைப்ரரியில ரிசர்ச்4லைஃப் பத்தி விசாரிங்க, ஏழை நாட்டு நிறுவனங்களுக்கு பூட்டுன ஜர்னலத் தொறந்து விடுற திட்டம் அது. உலக சுகாதார நிறுவனம் 2002ல ஹினாரின்னு மருத்துவ ஜர்னலுக்காக ஆரம்பிச்சதுதான் இப்பிடி வளந்து இப்ப விவசாயம், சட்டம் வரைக்கும் வந்துருச்சு. பர்மா அதுல இலவசப் பட்டியல்லயே இருக்கு, ஆனா நிறுவனம்தான் பதியணும், தனி ஆளா முடியாது. பதியலேன்னா பதியச் சொல்லி விடாமக் கேளுங்க, இது நம்மளுக்குன்னே வெச்ச பங்கு.

வெள்ளக்காரன் காலத்து சென்சஸ், கெசட்டியர்ங்கிற மாவட்ட விவரப் புத்தகம் எல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ்ங்கிற சைட்டுல சும்மாவே இருக்கு. ஸ்கேன் பிடிஎஃப் ரொம்பப் பெருசு, கரண்ட் இருக்கிற நேரத்துக்குள்ள இறங்காது, டெக்ஸ்ட் ஃபைல எடுங்க, எழுத்துப்பிழை இருக்கும், ஆனா தேடலாம்.

நீங்களே எழுதிப் போடப்போறீங்கன்னா இன்னும் உஷார். எல்லாரும் இலவசமாப் படிக்கணும்னா எழுதுறவன் காசு கட்டணும்னு ஆக்கி வெச்சிருக்காங்க, நேச்சர் ஜர்னல் 2020ல சொன்ன ரேட்டு 9,500 யூரோ. இது அநியாயம்னு நான் எங்கயும் சொல்லுவேன். நெறைய பதிப்பகம் நம்ம மாதிரி நாட்டுக்கு முழுசாவோ பாதியாவோ தள்ளுபடி குடுக்குது, ஆனா கட்டுரைய அனுப்புறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கணும், ஏத்துக்கிட்ட பிறகு கேட்டா பல எடத்துல தரமாட்டாங்க. காசே வாங்காத ஜர்னலும் இருக்கு, இலவசமாப் படிக்கிற ஜர்னல் எல்லாம் சேத்து வெச்ச டிஓஏஜேங்கிற பட்டியல்ல கட்டணம் இல்லாததுன்னு பிரிச்சுத் தேடலாம். ரெண்டே நாள்ல போட்டுத் தர்றோம், பணம் அனுப்புன்னு மெயில் வந்தா தொறக்காம அழிச்சிருங்க.