உள்ளூர் மரங்களால் வளவை அமைப்பது: வெட்டு அனுமதி முதல் கதியால் வேலி வரை

மண்வெட்டியை எடுக்க முன், வளவில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைப் பாருங்கள். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. காணி உறுதியின் பிரதியோடு கிராம அலுவலரிடம் போனால், அவர் வழியாக விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குச் சேரும். வடலி (இளம் பனை) ஆணா பெண்ணா என்பது பாளை தள்ளும்வரை தெரியாது. அதற்கு 12 வருடங்களாவது செல்லும். ஆகவே வடலியை நிற்க விட்டு, மற்றதை அதைச் சுற்றித் திட்டமிடுங்கள். பனையைப் பெயர்த்து நடவும் முடியாது. முளை முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறங்குவதால், தோண்டினால் முறிந்துவிடும். வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதையுங்கள்.

அடுத்தது வேலி. மதிலை விடக் கிளுவை வேலிதான் எங்கள் வெயிலுக்கு ஏற்றது, காற்றையும் தடுக்காது. அயலவரையும் கூப்பிட்டு, நில அளவைப் படத்தை வைத்து, எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்லுக்குக் கயிறு பிடியுங்கள். கதியால் (நட்டால் வேர் விடும் வேலித் தடி) பருக்கப் பருக்க வேலி நகரும். எல்லைச் சண்டைகள் பல அங்கேதான் தொடங்குகின்றன.

புரட்டாதியில், மழைக்கு முன், மணிக்கட்டுப் பருமனில் 5 முதல் 6 அடிக் கதியால்களை வெட்டுங்கள். அடியைச் சரிவாகச் சீவி, பால் காய இரண்டு நாள் நிழலில் சாத்தி வையுங்கள். அலவாங்கால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி போட்டுத்தான் இறக்க வேண்டும். நேரே அடித்து இறக்கினால் அடிப்பட்டை உரிந்து, வேர் விடாமல் அழுகும். கதியாலுக்குக் கதியால் ஓர் அடி இடைவெளி விட்டு, மண்ணை நன்றாக மிதித்து இறுக்குங்கள். நுனி வெட்டில் சாணம் அப்பினால் காயாது. தலைகீழாக நட்ட கதியால் பெரும்பாலும் பட்டுப்போகும்; கணு பார்த்து நடுங்கள். இடையிடையே பூவரசும் வைக்கலாம்.

உள்ளே நிழலுக்குக் கொன்றை, ஓரத்தில் ஆடாதோடை, நொச்சி. இலுப்பை பெரிய வளவுக்கு மட்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 25 அடி தள்ளி. கன்று நடும் குழி 2 அடிக்கு 2 அடி. சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டால் இடத்தை மாற்றுங்கள். கட்டட இடிபாடுகளைக் குழியில் போடவே வேண்டாம். சீமெந்துச் சுண்ணாம்பு இரும்புச்சத்தைக் கட்டிவிடும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செம்மண்ணும் உக்கிய மாட்டெருவும் போதும்.

தொட்டித் தட்டு, சிரட்டை, வெற்று வாளி எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அதற்கு வளவுக்காரரே பொறுப்பு. பார்த்தீனியம் முளைத்தால் பூக்க முன் கையுறையோடு வேருடன் பிடுங்குங்கள்.

முதல் வருடம் பங்குனியிலிருந்து காண்டாவனம் (அக்கினி நட்சத்திர வெயில்) முடியும்வரை கிழமைக்கு இரு தடவை, பின்னேரத்தில், ஒரு கன்றுக்கு ஒரு வாளி தண்ணீர். காவோலையும் சருகும் அடியில் பரப்புங்கள், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி. ஒட்டிக் கிடந்தால் கறையான் ஏறும்.