பூ நிறைய, காய் இல்லை: பரங்கிக் கொடிக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்வது எப்படி?

கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கும். காலையில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூ. சில பூக்களுக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் பிஞ்சுகூடத் தெரியும். நாலு நாள் போனால் அந்தப் பிஞ்சு வெளுத்து, நுனி சுருங்கி, தொட்டதுமே கையோடு வந்துவிடும். உடனே உரம் போதவில்லை என்றோ பூச்சி என்றோ முடிவு கட்டி, எதையாவது வாங்கித் தெளிக்கத் தோன்றும். தயவுசெய்து தெளிக்காதீர்கள். பிஞ்சில் துளையோ புழுவோ இல்லையென்றால், பெரும்பாலும் அதற்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிச் செல்லாது. தேனீயோ வண்டோ சுமந்து வந்தால்தான் உண்டு. உயரமான மாடி, வலை போட்ட கூடாரம், சுற்றிலும் பூச்சிமருந்து அடிக்கும் நிலம் என்றால் அவை வருவது அரிது. அந்த வேலையை நாமே செய்துவிடலாம். மண், விதைப்பு, பந்தல் எல்லாம் ஏற்கெனவே முடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே பூவுக்கு வருகிறேன்.

படி 1: ஆண் பூ எது, பெண் பூ எது

பூவின் முகத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். இதழுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண். வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண். ஒரே கொடியில் இரண்டும் வரும். முதலில் ஆண் பூக்கள் மட்டுமே வந்து உதிர்வது இயல்பு. அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

படி 2: முந்தைய மாலையே குறித்து வையுங்கள்

மறுநாள் விரியப்போகும் மொட்டு உப்பியிருக்கும், நுனியில் பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட பெண் மொட்டு இருக்கும் இடத்தில் கொடியில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். அகலமான இலைகளுக்கு நடுவே காலையில் தேடி அலைவது இதனால் மிச்சம். ஒரு பெண் பூவுக்கு 2 ஆண் மொட்டுகளாவது கைவசம் இருக்கட்டும்.

படி 3: நேரம்

என்னை அதிகம் படுத்திய படி இதுதான். மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் காய் பிடிக்காமல் போவது பெரும்பாலும் இந்த ஒன்றால்தான்.

பரங்கிப் பூவுக்கு ஆயுள் ஒரே ஒரு காலை. விடியலில் விரியும், வெயில் ஏற ஏறச் சுருங்கும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. பெண் பூவின் நடுவே இருக்கும் சூல்முடி மகரந்தத்தை நன்றாக ஏற்பதும், மகரந்தம் வீரியத்தோடு இருப்பதும் அந்தக் காலையின் முதல் சில மணி நேரம்தான். பூ திறந்திருப்பதை மட்டும் பார்த்து, பத்து மணிக்குச் சாவகாசமாகப் போவதில் பயன் குறைவு. விடிந்ததும் போங்கள், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நேரம் சரிதானா என்று பூவையே கேட்கலாம். ஆண் பூவின் நடுத்தண்டை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொடுங்கள். விரல் ரேகைக்குள் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டால் தயார். ஒன்றும் ஒட்டாவிட்டால் தூள் இன்னும் வெளிவரவில்லை; சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டுப் பாருங்கள். தூள் ஈரமாகக் கட்டிதட்டியிருந்தால் அந்தப் பூவை விட்டு வேறு பூ எடுங்கள்.

படி 4: தடவுதல்

ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்துவிடுங்கள். நடுத்தண்டு மட்டும் நிற்கும். அதுதான் உங்கள் கருவி. பலரும் தூரிகை, பஞ்சு சுற்றிய குச்சி என்று பரிந்துரைக்கிறார்கள். பரங்கிக்கு இரண்டும் எனக்குப் பிடிக்காது, பஞ்சுக்குச்சி துளியும் பிடிக்காது. பாதித் தூளைப் பஞ்சே விழுங்கிவிடும். பாகல், வெள்ளரி மாதிரி சிறிய பூக்களுக்கு மென்மையான மெல்லிய தூரிகை சரி.

பெண் பூவின் நடுவே சூல்முடி பல மடல்களாகப் பிரிந்திருப்பதைக் காண்பீர்கள். ஒரு பக்கம் மட்டும் தொட்டுவிட்டு வராதீர்கள். எல்லா மடல்களிலும் மஞ்சள் படியும்வரை சுற்றிச் சுற்றி மெதுவாகத் தேயுங்கள். உள்ளே நிறைய விதை உருவானால்தான் காய் சீராகப் பருக்கும். தூள் குறைந்தால் பிஞ்சு உதிரும், அல்லது ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக வளரும்.

படி 5: காத்திருப்பு

சில நாட்களில் பிஞ்சு பளபளப்போடு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. ஏற்கெனவே சில காய்கள் பெருத்துக்கொண்டிருக்கும் கொடி, புதுப் பிஞ்சுகளைத் தானே உதிர்க்கும். அது சுமையைக் குறைக்கும் வழி. அதற்காகத் திரும்பத் திரும்பத் தடவ வேண்டாம்.

பின்சேர்க்கை 1: "சுரைக்கும் காலையிலேயே செய்தேன், பலனில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். சுரையின் வெள்ளைப் பூ மாலையில் விரிவது. பீர்க்கும் மாலை, புடலையும் மாலைக்கு மேல்தான். இவற்றுக்குச் சாயங்காலம் போங்கள், கையில் ஒரு விளக்கு இருக்கட்டும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். கோவைக்காயில் ஆண் கொடி, பெண் கொடி இரண்டும் தனித்தனி.

பின்சேர்க்கை 2: ஆண் பூ மட்டுமே வந்துகொண்டிருக்கிறது என்போருக்கு: தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையும் தண்டுமாகக் கொழிக்கும், பெண் பூ குறையும். கடும் வெப்பத்திலும் ஆண் பூவே அதிகம். யூரியா போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை 3: அன்று உங்கள் கொடியில் ஆண் பூ இல்லையென்றால் பக்கத்துக் கொடியிலிருந்து எடுக்கலாம், அது வேறு ரகப் பரங்கியாக இருந்தாலும் சரி. இந்தக் காயின் சுவை மாறாது. உள்ளிருக்கும் விதைதான் கலப்பாகும். விதைக்கு விடுவதானால் ஒரே ரகத்தின் ஆண், பெண் மொட்டுகளை முந்தைய மாலையே நுனியில் நூலால் கட்டி, காலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பை போடாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூ அழுகும். மழை வரும்போல் இருந்தாலும் இப்படிக் கட்டுவது உதவும்; நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும்.

கலப்பு விதையில் முளைத்த கொடியின் காயைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். பரங்கியோ சுரையோ வெள்ளரியோ, வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்னும் நச்சு, வேகவைத்தாலும் போகாது.