தண்டுவடம் அடிபட்டு வீடு திரும்பிய படைவீரர்: பெற்றோர் கவனத்துக்கு

ராணுவத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வந்திருக்கும் மகனுக்கு வீட்டில் முதலில் பயப்பட வேண்டியது படுக்கைப்புண்ணுக்குத்தான். வலி தெரியாததால் அது வருவது அவருக்கே தெரியாது. ராமநாதபுரம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும், உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அடியில் விரித்த துணியை இருவராகத் தூக்கித் திருப்புங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வாங்கவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் குறையும்.

காலையும் இரவும் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் தொடங்கிவிட்டது. அங்கே பாரம் படக் கூடாது, தேய்க்கவும் கூடாது. நம் கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகும், அதனால் புறங்கை வைத்துச் சூடும் தடிப்பும் பாருங்கள். கைப்பிடி நீண்ட கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தால் மகனே பார்த்துக்கொள்வார். அதுதான் நல்லது. அவர் உடம்பு அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலியை உப்புக் காற்று அரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காய வையுங்கள். முன் சக்கரத்தில் சிக்கும் முடியையும் மணலையும் எடுத்துவிடுங்கள். மணல் தெருவில் முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் புதைந்து ஆள் முன்பக்கம் விழுவார். திருப்பிப் பின்னோக்கி இழுங்கள்.

நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி வந்து முகம் வியர்த்தால், ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பைதான். தணியாவிட்டால் உடனே 108.

அவசரத்தில் இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால், 48 மணி நேரத்துக்குள் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். விட்டால் பில் பணம் வாங்குவது சிக்கலாகும். ஊனம் 100 சதவீதம் என்றால், துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதற்கான படியை ராணுவ மருத்துவக் குழு பரிந்துரைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது ஓய்வூதிய ஆணை, ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவக் குழு அறிக்கை மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.