செடானுக்கு வீல் மாத்துறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

முதல்ல டிரைவர் டோரைத் திறந்து ஃப்ரேம்ல இருக்குற ஸ்டிக்கரைப் பாருங்க, ஸ்டாக் டயர் சைஸ், அதாவது கம்பெனி போட்டுக் குடுத்த சைஸ், அதுலயே இருக்கும். 185/65 ஆர்15னு இருந்தா 185 மில்லிமீட்டர் அகலம், அதுல 65 சதவீதம் சைட்வால் (டயரோட பக்கச்சுவர்) உயரம், ரிம் 15 இன்ச். 16 இன்ச்சுக்குப் போறதுன்னா 195/55 ஆர்16 எடுங்க, ரெண்டுக்குமே மொத்த விட்டம் கிட்டத்தட்ட 621 மில்லிமீட்டர் தான் வருது, அதனால ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனா லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் எவ்ளோ எடை தாங்கும்னு சொல்ற நம்பர், குறையக்கூடாது, இந்த சைஸ் சாதாரணமா 87ல வரும், ஸ்டிக்கர்ல 88 இருந்தா எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்குற வகை) 91 கேட்டு வாங்குங்க.

பிசிடின்னா எத்தனை போல்ட், அது அமையுற வட்டத்தோட விட்டம் எத்தனை மில்லிமீட்டர்ங்கறது; அது 4×100னா 4×100 தான், அதுல பேச்சே இல்ல. சென்டர் போர், அதாவது காரோட ஹப் (வீல் மாட்டுற அச்சுத்தலை) நுழையுற நடு ஓட்டை, பெருசா இருந்தா இடைவெளியை அடைக்குற ஹப் ரிங் போட்டுக்கலாம், சின்னதுன்னா வேற வீல் பாருங்க.

பாதிப்பேரு கோட்டை விடுறது ஆஃப்செட்ல தான், அதாவது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல ஒட்டுற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குங்கறதுல. ரிம்ல இடி45 மாதிரி பொறிச்சிருப்பாங்க, நம்பர் குறையக் குறைய வீல் வெளிய தள்ளும், கூடக் கூட உள்ள போய் சஸ்பென்ஷன்ல இடிக்கும். அகலத்தையும் சேத்துத்தான் கணக்குப் போடணும், அதே இடி45ல 6 இன்ச்சுக்குப் பதிலா 7 இன்ச் ரிம் மாட்டுனா உள்ளயும் வெளியவும் 12.7 மில்லிமீட்டர் நீட்டிக்கும்.

மாட்டினதும் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்க, பின்சீட்ல மூணு பேரை ஏத்தி ஸ்பீட்பிரேக்கர்ல விட்டுப் பாருங்க, எங்கயும் உரசலன்னா பழைய செட்டை விக்கலாம்.