ஒறம்பரையோட (சொந்தபந்தத்தோட) வர்ற பார்ட்ஸு: நின்னுபோன பிக்கப்பை மறுபடி ரோட்டுக்குக் கொண்டார்றது எப்படி

எங்கய்யன் ஓட்டுன மகிந்திரா பிக்கப் ஒன்பது வருசமா களத்தோரத்துல வேப்பமரத்தடியில நின்னுச்சு. பெஜோ டீசல் இன்ஜின், 2112 சி.சி. இந்த இன்ஜினைச் செய்யறதுக்கு 1979-ல மகிந்திரா பெஜோகிட்ட லைசென்ஸ் வாங்குனாங்க. காங்கேயத்துக்குக் கிழக்கால எங்க தோட்டம். கொப்பரை, புண்ணாக்கு, பல்லடத்துக் கோழி எரு, அக்கா கல்யாணத்துச் சீர்னு எல்லாம் ஏறுன வண்டி அது. அய்யன் போனதுக்கப்புறம் சாவி ஆணியில தொங்குனதோட சரி. இரும்புக்கடைக்காரரு ரெண்டு தடவை வந்தாரு. முதல் தடவை வண்டிக்கு விலை கேட்டாரு, ரெண்டாவது தடவை கிலோவுக்கு விலை கேட்டாரு. அந்த ரோசத்துல ஆரம்பிச்ச வேலைங்க இது. பத்து மாசம் ஆச்சு.

நான் மெக்கானிக் இல்லை. சின்ன வயசுல பீளமேட்டுல ஒரு லேத் பட்டறையில நாலு வருசம் இருந்தவன், அவ்வளவுதான். அதனால நான் பண்ணுன தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

ஸ்பானரைத் தொடறதுக்கு முன்னால ஆர்சி புக்கை எடுங்க. சேசிஸ் நம்பர் இருக்கற இடத்தைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, மேல சாக்பீஸ் பூசித் துடைச்சா நம்பர் பளிச்சுனு தெரியும். புக்கோட ஒரு எழுத்து பிசகினாலும் காசு போடாதீங்க. அப்புறம், பத்துல எட்டுப் பேரு "பொலிரோ இன்ஜினைத் தூக்கி வெச்சுருங்க, சோலி முடிஞ்சுது"ம்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு இருக்குது. ஆர்சியில இருக்கற விவரம் மாறுற மாதிரி வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. இன்ஜின் மாத்தணும்னா முன்கூட்டியே ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பார்க்கறது இன்ஜின் நம்பரைத்தான். அதனால நான் இன்ஜினை அப்படியே வெச்சுட்டு, பிரேக், வயரிங், டயர் இதுல மட்டும் புதுசுக்குப் போனேன். பிரேக் மாத்தறதையும் ஆய்வாளர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டுத்தான் கை வெச்சேன். நீங்களும் கேட்டுருங்க.

அடுத்து சுத்தியல். கால் கிலோ சுத்தியல் போதும். சேசிஸ் மேல ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு 'டங்'குங்கும், உளுத்த இடம் 'டொப்'புங்கும். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டற ஹேங்கர், கேபினுக்குப் பின்னாடி குறுக்குச் சட்டம், பாரம் ஏத்தற டிரேவுக்கு அடியில தண்ணி தேங்கற மூலை, இதெல்லாம் ரெண்டு தடவை தட்டுங்க. கோழி எரு ஏத்துன வண்டின்னா மூணு தடவை. எரு கசியற தண்ணி இரும்பைக் கறையான் மாதிரி தின்னும். எங்க வண்டியில இடது பின்பக்க ஹேங்கருக்குப் பக்கத்துல கட்டைவிரல் போற அளவுக்கு ஓட்டை.

ஓட்டை மேல தகட்டை ஒட்டி வெல்டு வெக்கறது வேலை இல்லை. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துத் தகடு வெக்கணும். தகட்டோட ரெண்டு முனையையும் சாய்வா வெட்டுங்க. நேரா மேலிருந்து கீழ வெல்டு இழுத்தா பாரம் ஏறுறப்ப அந்தக் கோட்டோடயே விரியும். வெல்டு மிஷினைப் போடறதுக்கு முன்னால டீசல் டேங்கைக் கழட்டி அக்கட்டால வெச்சுருங்க. பேட்டரி டெர்மினலையும் ஆல்டர்னேட்டர் வயரையும் பிரிச்சுருங்க. துருவை எடுக்க மணல் அடிச்ச அன்னைக்கே துருத் தடுக்கற ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கணும். ஒரு ராத்திரி வெறும் இரும்பா விட்டாலும் மேலால செம்மண் பூத்த மாதிரி ஆயிரும்.

இப்ப இன்ஜின். வருசக்கணக்குல நின்ன வண்டிக்கு டிராக்டர் பேட்டரியைக் கொண்டாந்து மாட்டி செல்ப் அடிக்கணும்னு கை அரிக்கும். வேண்டாங்க. நல்லவேளை நான் ஏர் கிளீனரை முதல்ல தொறந்தேன். உள்ள தேங்கா நாரு, கடலைத் தொப்பி, பஞ்சு எல்லாம் வெச்சு எலி குடும்பம் நடத்தியிருந்துச்சு. அடிச்சிருந்தா அத்தனையும் சிலிண்டருக்குள்ள போயிருக்கும்.

சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சற நாசில் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ரெண்டு நாள் விடுங்க. நான் மூணாம் நாள் காலையில நீளக் கம்பி போட்டு கிராங்க் புல்லியைத் தள்ளுனேன். ஒரு விரக்கடை நகர்ந்துச்சு. திருப்பி எதிர்ப்பக்கம், மறுபடி இந்தப்பக்கம். அரைமணி நேரத்துல முழு சுத்து வந்துருச்சு. முரட்டுத்தனமாத் திருகக் கூடாது. ஒட்டியிருக்கற பிஸ்டன் ரிங்கு ஒடைஞ்சா சிலிண்டரோட உள்சுவரைக் கிழிச்சுரும். பழைய டீசலை முழுசா வடிச்சுட்டு டேங்கைக் கழுவுங்க, ஃபில்டரைப் புதுசா மாத்துங்க.

மத்த வேலையைக் கோயமுத்தூர்ல செஞ்சேன். ஹெட், கிராங்க் கிரைண்டிங், டீசல் பம்பு காலிபரேஷன், நாசில் டெஸ்ட் எதுவுமே வீட்டுல செய்யற வேலை இல்லை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். இன்ஜினைக் கட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப, காத்து உள்ள போற வாயை முழுசா மூடற அளவுக்கு ஒரு பலகையைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தரு நிக்கணும். டீசல் பம்புல ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா டீசல் இன்ஜின் தன்னால வேகம் ஏறிக்கிட்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது. காத்தை அடைச்சாத்தான் நிக்கும். நம்ம கையை வெச்சு அடைக்கற வேலை வேண்டாம்.

பிரேக்குலதான் ஆறு வாரம் போச்சு. நாலு பக்கமும் டிரம் பிரேக், மிதிக்கற பலத்தைக் கூட்டித் தர்ற பூஸ்டர் கிடையாது. பாரத்தோட நிறுத்தணும்னா அய்யன் சீட்டுல இருந்து எந்திரிச்சு மிதிப்பாரு. முன்னால டிஸ்க் போட்டே ஆகணும்னு இருந்தேன். உக்கடத்துப் பழைய பார்ட்ஸ் கடையில, அடிபட்ட பொலிரோ பிக்கப்போட முன் அச்சு டிஸ்க்கோட கிடைச்சுது. வாங்கறப்ப ரெண்டு விசயம் பாருங்க. அது பட்டை வெச்ச அச்சா இருக்கணும். ஆளேறுற பொலிரோவுக்கு முன்னால காயில் ஸ்பிரிங். அதைக் கொண்டாந்து இதுல மாட்ட முடியாது. அப்புறம், பட்டை உக்கார்ற ரெண்டு மேடைக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு டேப் போட்டு அளங்க. நான் வீட்டுல அளந்து, குச்சியில வெட்டுக்குறி போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

அச்சை மட்டும் வாங்கிட்டு வந்தது என் தப்பு. கடைக்கார அண்ணன் "தம்பி, மாஸ்டர் சிலிண்டரும் சேர்த்து எடுத்துக்க"ன்னு சொன்னாரு. விக்கறதுக்காகச் சொல்றாருன்னு நெனச்சேன். பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலை லைன்ல தள்ளுறது இந்த மாஸ்டர்தான். பழைய மாஸ்டரையே வெச்சு மாட்டி, பதினஞ்சு மூட்டை தவுடு ஏத்திக்கிட்டு தாராபுரம் ரோட்டுல கிளம்புனேன். ஊதியூர் மலைகிட்டப் போறப்ப வண்டி யாரோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி இருந்துச்சு. கூடவே கருகல் வாசம். ஓரங்கட்டி முன் வீல் மேல தண்ணி தெளிச்சேன், தோசைக்கல்லு மாதிரி 'சொய்'ங்குது.

இந்த மாதிரி வீல் புடிச்சுக்கிச்சுன்னா எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குது. சூடு ஆறுனதும் ஜாக்கி போட்டு வீலைக் கையால சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா காலிபர்ல (டிஸ்க்கைப் பேடால கவ்வற பாகம்) இருக்கற ஏர் எடுக்கற நிப்பிளை, அதாவது பிரேக் லைன்ல மாட்டுன காத்தை வெளிய விடற நிப்பிளை, அரைச் சுத்து லூஸ் பண்ணுங்க. ஆயில் 'சுருக்'குனு பீச்சி, வீல் விட்டுச்சுன்னா காலிபர் மேல தப்பு இல்லை, லைன்ல அழுத்தம் நிக்குதுன்னு அர்த்தம். ஆயில் வந்தும் வீல் விடலைன்னா காலிபர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்குது. எனக்கு ஆயில் பீச்சுச்சு. பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவுல இருக்கற ராடுல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கான்னு பார்த்தேன், இருந்துச்சு. அப்ப பெடல் மாஸ்டரை அழுத்திக்கிட்டு நிக்கலை. அப்புறம்தான் புரிஞ்சுது. டிரம் பிரேக்குக்குச் செஞ்ச மாஸ்டருக்குள்ள ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்டதுக்கப்புறமும் லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை அது புடிச்சு வெக்கும். டிரம்முக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, லைனிங்கைத் திருப்பி இழுத்துக்கும். டிஸ்க்குக்கு அந்த ஸ்பிரிங் கிடையாது. பேடு உரசிக்கிட்டே ஓடும்.

மறுபடி உக்கடம். அண்ணன் ஒண்ணும் பேசாம மாஸ்டரையும் பூஸ்டரையும் எடுத்து முன்னால வெச்சாரு. "ஆல்டர்னேட்டரு?"ன்னாரு. "என்னுது நல்லாத்தான இருக்குதுங்கண்ணா"ன்னேன். சிரிச்சாரு.

பூஸ்டரை மாட்டுனா பெடல் கருங்கல்லு. பூஸ்டர் வேலை செய்யறது உறிஞ்சல்ல. டீசல் இன்ஜின்ல பெட்ரோல் வண்டி மாதிரி அந்த உறிஞ்சல் மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) போதுமான அளவு கிடைக்காது. அதுக்கு வேக்குவம் பம்பு வேணும். நம்மூர் டீசல் வண்டிகள்ல அந்தப் பம்பு ஆல்டர்னேட்டர் முதுகுலயே ஒட்டிக்கிட்டிருக்கும். இன்ஜின்ல இருந்து அதுக்கு ஒரு ஆயில் லைன் போகணும், திரும்பி சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில இருக்கற ஆயில் சட்டிக்கு, ஒரு லைன் வரணும். திரும்பி வர்ற ஹோஸ் எங்கயும் மேல ஏறாம, மடங்காம, சரிவாவே இறங்கி வரணும். இல்லைன்னா ஆயில் வடியாம பம்புக்குள்ளயே தேங்கும். எல்லாம் மாட்டி முடிச்சதும் சோதனை சுலபம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, கெட்டியாகும். காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் காலுக்கடியில கொஞ்சம் இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டருக்கு உறிஞ்சல் வரலை.

இத்தோட முடிஞ்சுதான்னா அதுவும் இல்லை. காலி வண்டியில ஈர ரோட்டுல மிதிச்சா பின் வீல் பூட்டிக்கிட்டு வால் ஆட்டுச்சு. பிக்கப் மாதிரி வண்டிகள்ல பின் அச்சோட ஒரு கம்பி இணைச்ச வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தா பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும், காலியா இருந்தா குறையும். அதுக்கு இன்னொரு பயணம். எங்க வீட்டம்மா, "ஏனுங்க, பேசாம அந்த வண்டியவே முழுசா வாங்கியிருக்கலாம்லொ?"ன்னாங்க. நியாயந்தான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டா ஒறம்பரை மொத்தமும்தான் வரும். அச்சு, மாஸ்டர், பூஸ்டர், பம்பு வெச்ச ஆல்டர்னேட்டர், பின் வால்வு அஞ்சையும் ஒரே வண்டியில இருந்து, ஒரே நாள்ல எடுத்துருங்க. ரப்பர் கிட்டு, ஹோஸ், பேடு மட்டும் புதுசு. பிரேக் ஆயில் டப்பாவை ஊத்தற அன்னைக்குத்தான் உடைக்கணும். தொறந்து வெச்ச ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும்.

ஏர் எடுக்கறப்ப வீலைக் கழட்டுவீங்கல்ல, அதுல ஒரு சங்கதி. எங்க வண்டியில இடது பக்க வீல் நட்டு எல்லாம் எதிர் மரை. பழைய ஜீப்பு வகையறாவுல இது உண்டு. தெரியாம ரெண்டு பேரு பைப்பு மேல ஏறி நின்னு மிதிச்சு ஒரு போல்ட்டை முறிச்சோம். மரை கழண்டது யாருக்குன்னு மச்சான் இன்னமும் கேக்கறாரு. அச்சை மாத்துனதுக்கப்புறம் முன்னால நேர் மரை, பின்னால இடது பக்கம் மட்டும் எதிர் மரை. பஞ்சர் கடைக்காரங்களுக்காக மட்கார்டுலயே பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கேன்.

வயரிங் எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுங்க. ஒட்டுப் போட்ட வயரை நம்பாதீங்க. ஹெட்லைட் மங்கலா எரியுதுன்னு உடனே பெரிய வாட்ஸ் பல்பு வாங்க ஓடாதீங்க, தப்பு பல்புல இல்லை. எரியறப்ப மீட்டர் வெச்சுப் பார்த்தேன். பேட்டரியில 12.6 வோல்ட், பல்பு முனையில 10.4. மீதி ரெண்டு வோல்ட் டேஷ்போர்டு சுவிட்ச்லயும் நூலு மாதிரி வயர்லயும் கரையுது. 60 வாட்ஸ் பல்பு ரெண்டுக்கு 10 ஆம்ப் ஓடணும். அத்தனையும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாப் போனா அது தாங்காது. லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒரு ரிலே. சின்னக் கரண்ட்டை வெச்சுப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடற சுவிட்சுதான் ரிலே, காலுகள்ல நம்பர் போட்டிருக்கும். பேட்டரியில இருந்து ஃபியூஸ் போட்டு கனமான வயர் ரிலேவோட 30-ஆம் காலுக்கு, 87-ல இருந்து பல்புக்கு. சுவிட்ச் வயரை 86-க்குக் குடுத்து, 85-ஐ பாடியில எர்த் பண்ணுங்க. அதே பல்பு, இப்ப சுண்ணாம்படிச்ச மாதிரி வெள்ளையா எரியுது.

ரேடியல் டயர் போடறதா இருந்தா ஒரே அச்சுல ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல்னு கலக்காதீங்க. அஞ்சு கியர் இருக்கற பாக்ஸ் ஒண்ணுக்கு ஆசைப்பட்டேன், விட்டுட்டேன். அதுவும் புரொப்பல்லர் ஷாஃப்டு, குறுக்குச் சட்டம்னு சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டுத்தான் வரும். பெயிண்ட் கடைசி. டிரே தரைக்கு மட்டும் புதுத் தகடு போட்டு, தண்ணி வடிய நாலு மூலையிலயும் ஓட்டை வெச்சேன்.

ரோட்டுக்கு வந்த முதல் நூறு கிலோமீட்டர்ல யு போல்ட் (பட்டையை அச்சோட கட்டற போல்ட்), வீல் நட்டு, ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் எல்லாத்தையும் மறுபடி டைட் வைங்க. மறுபடி கட்டுன பட்டை உக்கார்றப்ப யு போல்ட் கட்டாயம் லூஸ் குடுக்கும். முதல் இன்ஜின் ஆயிலை 500 கிலோமீட்டர்லயே மாத்திருங்க. அதுவரைக்கும் முழுப் பாரம் வேண்டாம்.

டீசல் முள்ளு மட்டும் இன்னும் வேலை செய்யலைங்க. ரெண்டு தடவை மிதவையை மாத்தியாச்சு. சீட்டுக்குப் பின்னாடி சுத்தம் பண்ணறப்ப அய்யன் வெச்சிருந்த மூங்கில் குச்சி ஒண்ணு கிடைச்சுது, அஞ்சு லிட்டருக்கு ஒரு வெட்டுக்குறி. அதை டேங்குல விட்டுப் பார்த்துட்டுத்தான் சந்தைக்குக் கிளம்பறேன்.