பள்ளியில் தேர்தல் பாடம்: நான் செய்த தவறுகளும் பார்த்த தவறுகளும்

ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 1950-ல் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்ட நாள் அது. 2011 முதல் வாக்காளர் தினமாகக் கொண்டாடுகிறோம். காலை வழிபாட்டில் வாக்காளர் உறுதிமொழியை நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு வருடம் கூட்டம் கலையும்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து கேட்டான்: "நமக்குத்தான் ஓட்டே இல்லையே, எதுக்கு சார் உறுதிமொழி எடுத்தோம்?" எனக்குப் பதில் வரவில்லை. "பெல் அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன்.

உறுதிமொழி, பேரணி, கோலப்போட்டி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லும் படிவம். இவற்றோடு தேர்தல் பாடம் முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. "நூறு சதவீதம் வாக்களிப்போம்" என்று தொண்டை கிழியக் கத்திய பிள்ளைக்கு, வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று தெரியாது.

இதைவிடப் பெரிய தவறு வகுப்புத் தலைவர் விஷயத்தில் நடக்கிறது. பல பள்ளிகளில் முதல் மார்க் வாங்குபவர்தான் லீடர். தேர்தல் வைக்கும் இடங்களிலும் முடிவு ஆசிரியருக்குப் பிடித்திருந்தால்தான் செல்லும். நானே செய்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் வாலுப் பையன் ஒருவன் ஜெயித்துவிட்டான். "நீ துணை லீடரா இரு" என்று சொல்லி, இரண்டாவது வந்த பெண்ணைத் தலைவியாக்கினேன். அன்றைக்கு அந்த வகுப்பு என்னிடம் கற்றுக்கொண்டது என்ன என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது. முடிவைத் தாங்கிக்கொள்ள முடியாதென்றால் தேர்தலே வைக்க வேண்டாம். நேராக நியமித்துவிடலாம், அதில் பொய்யாவது இல்லை.

சரி, நேர்மையாகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, நோட்டு வாங்கி ஸ்டாஃப் ரூமில் வைப்பது. பிள்ளைகள் ஓட்டுப் போட்டது தங்களுக்காகப் பேச ஒருவரை. நாம் அவரை ஆசிரியரின் போலீஸ் ஏட்டாக மாற்றிவிடுகிறோம். விளையாட்டு சாமான் யாருக்கு எந்த நாள், தண்ணீர்த் தொட்டி கழுவியதா, கழிப்பறையில் பக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவந்து தலைமையாசிரியரிடம் வாரம் பத்து நிமிடம் பேசும் உரிமை கொடுத்துப் பாருங்கள். அடுத்த தேர்தலில் பிள்ளைகள் ஆளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஓட்டெடுப்பு நடத்தும் விதத்திலும் அசட்டையாக இருக்கிறோம். "கை தூக்குங்க" என்றால் ரகசியம் போயிற்று; முன் பெஞ்சு திரும்பிப் பார்க்கும், பின் பெஞ்சு கையை இறக்கும். சீட்டில் பெயர் எழுதச் சொன்னாலும் சிக்கல்தான். முப்பது பேரின் கையெழுத்தும் ஆசிரியருக்கு அத்துப்படி, அது பிள்ளைகளுக்கும் தெரியும். சின்னம் அச்சிட்ட சீட்டும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் போதும், பீரோவின் பின்பக்கம்தான் வாக்களிக்கும் மறைவிடம். சின்னங்களைப் பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டால் நிஜக் கட்சிகளுடையதுதான் வரும். பென்சில், பலூன், கத்தரிக்கோல் என்று நாமே கொடுத்துவிடுவது நல்லது.

எலெக்ஷன் டூட்டி பார்த்த ஆசிரியர்களுக்கு நடைமுறை தெரியும், ஆனால் அதை வகுப்புக்குக் கொண்டுவர மறந்துவிடுகிறோம். வாக்குப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, பிறகுதான் இயந்திரத்துக்கு சீல் வைக்கிறோம். வகுப்பில் அதற்கு ஈடு, ஓட்டுப் பெட்டியாக வைக்கும் காலி ஷூ டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவது. ஓட்டுப் போட வரும் ஒவ்வொருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒருமுறை எங்கள் வகுப்பில் கையெழுத்து 41, டப்பாவில் சீட்டு 42. நான் வாயே திறக்கவில்லை. ஒரு சீட்டைக் கண்ணை மூடி எடுத்துக் கிழிக்கலாம் என்றான் ஒருவன். "அது என் சீட்டா இருந்தா?" என்று எழுந்தாள் ஒருத்தி. பீரியட் முழுக்க சண்டை, கடைசியில் மறுவாக்குப்பதிவு. மறுவாக்குப்பதிவில் இரண்டு பேருக்குச் சமமான ஓட்டு! சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-வது பிரிவு, சமநிலை வந்தால் குலுக்கல் போடச் சொல்கிறது. குலுக்கினோம்.

அப்போதுதான் சோழர் காலத்துக் குடவோலை முறை ஞாபகம் வந்தது. அதைப் பெரும்பாலும் தப்பாகவே நடத்துகிறோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாக (இன்றைய வார்டு போல) பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அதாவது குலுக்கல், வாக்குப்பதிவு இல்லை. குடத்தில் பெயர் விழவே கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மகிட்ட ஜனநாயகம்" என்று மார்தட்டிப் பாடத்தை முடித்துவிட்டால், கேட்க வேண்டிய கேள்வி போய்விடும்: நம்ம தெருவில் எத்தனை பேர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கும்? பெருமைப்பட வேண்டியதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தின் பக்கமே வர முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூடவே 1951-52 தேர்தலையும். தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்ததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்ட தேர்தல் அது.

ஓட்டுக்குப் பணம் பற்றிப் பேசும்போது ரொம்பக் கவனம் வேண்டும். ஐந்நூறு ரூபாயை ஐந்து வருடத்துக்கு வகுத்து, "ஒரு நாளைக்கு 27 காசுக்கு உன்னை வித்துட்டே" என்று கணக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். நானும் காட்டினேன். "அந்தக் காசுலதான் சார் கரண்ட் பில் கட்டினோம்" என்றாள் ஒரு பெண், குனிந்த தலை நிமிராமல். அதற்குப் பிறகு அந்தக் கணக்கை நான் போடுவதில்லை. பிள்ளையின் முன்னால் அதன் வீட்டைக் கூண்டில் ஏற்றக்கூடாது. கொடுப்பது, வாங்குவது இரண்டுமே சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லலாம். பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தல்களையே ரத்து செய்ததைச் சொல்லலாம். பிறகு, "கொடுத்தவர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார்?" என்று ஒரு கேள்வி போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். எங்கள் வகுப்பு ஐந்து நிமிடத்தில், போட்ட மழைக்காலத்திலேயே பெயர்ந்துபோன ஊர்ச் சாலைக்கு வந்து சேர்ந்தது.

எம்.பி., எம்.எல்.ஏ. என்று பெரிய பதவிகளோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. தெருவிளக்கு எரியாததற்குப் பிள்ளைகள் பிரதமரைத் திட்டுகிறார்கள்! உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு அமைப்பு என்பதே பலருக்குப் புதுச் செய்தி. கிராமசபை தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு ஒன்பதாம் வகுப்பை அங்கே கூட்டிப்போய் ஓரமாக உட்கார வையுங்கள். வரவு செலவு வாசிப்பதைக் கேட்கட்டும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தத்துவத்தைவிடப் படிவம் முக்கியம். 17 வயது முடிந்தாலே, பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிதான், 18 வயது முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாள். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. 2013-ல் வந்த நோட்டா எவ்வளவு ஓட்டு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிகம் பெற்றவரே ஜெயிப்பார். நம் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில், அவரவர் வீட்டார் பெயரைப் பட்டியலில் தேடச் சொன்னேன். "தாத்தா செத்து மூணு வருஷம் ஆச்சு சார், பேரு இன்னும் இருக்கு" என்றான் ஒருவன். வழிபாட்டுக் கூட்டத்தில் அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே பையன். பெயர் நீக்கத்துக்குப் படிவம் 7 என்றேன். மறுநாள் அவனே நிரப்பிக்கொண்டு வந்தான். வாக்காளர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் அவன் அப்பாவின் கையெழுத்து இருந்தது.